சின்னது ஆட்டம் போடுகிறது

ஜூன் 3

அன்புள்ள சம்பந்தி அவர்களுக்கு,

இங்கு அனைவரும் நலம். தங்கள் நலமும் சம்பந்தியம்மாவின் நலமும் அறிய ஆவல். போனிலேயே பேசியிருக்கலாம்தான். ஆனால் பட்டறைச் சத்தத்தில் தங்கள் காது போயிற்று. காலமெல்லாம் அச்சகத்தில் வாய் திறக்காமல் பிழை திருத்தியதில் என் குரல் போயிற்று. போன முறை நான் ‘முதுகு’ என்றதைத் தாங்கள் ‘மெழுகு’ என்று கேட்டு, ஒரு கட்டி மெழுகு வாங்கி அனுப்பியதை மறந்திருக்க மாட்டீர்கள். அது இன்னும் அலமாரியில் இருக்கிறது. எனவே எழுத்தே உத்தமம்.

தாங்கள் அனுப்பிய கோல்ஃப் வண்டி பத்திரமாக வந்து சேர்ந்தது. என் முதுகு ஆபரேஷனுக்குப் பிறகு, வாயிலிலிருந்து வீடு வரை எப்படி நடப்பேன் என்று கவலைப்பட்டு, தங்கள் கையாலேயே பழுது பார்த்து அனுப்பியிருக்கிறீர்கள். எங்கள் குடியிருப்பில் காருக்கும் பைக்குக்கும் உள்ளே அனுமதி இல்லை என்பதும், எங்கள் வீடு கடைக்கோடியில் இருக்கிறது என்பதும் தெரிந்து செய்த உதவி. நன்றியை எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை.

நன்றிக்கு அடுத்த பத்தியில் குறை சொல்வது நாகரிகமில்லை. இருந்தாலும் முதுகு நாகரிகம் பார்க்கவில்லை. வண்டி தூக்கிப் போடுகிறது. சாலையில் பாவிய கற்கள் ஒவ்வொன்றையும் எண்ணிவிடலாம் போலிருக்கிறது. வேகத்தடை வந்தால் நான் முதலில் ஏறுகிறேன், என் முதுகெலும்பு பிறகு வந்து சேர்ந்துகொள்கிறது. மருத்துவர் ‘அதிர்ச்சி கூடாது’ என்கிறார். என் மனைவி, “அவ்வளவு தூரம் அனுப்பி வச்சிருக்காங்க, குறை சொல்லாதீங்க” என்கிறாள். இரண்டு பேர் சொல்வதும் சரியாகவே படுகிறது. என்ன செய்யலாம் என்று தாங்களே சொல்லுங்கள்.

தங்கள்,
பையனின் அப்பா


ஜூன் 11

சம்பந்தி அவர்களுக்கு வணக்கம்.

கடிதம் கிடைத்தது. உங்கள் எழுத்து அச்சடித்த மாதிரி இருக்கிறது. என்னுடையதைக் கோழி கிளறியது என்று நினைத்துப் படியுங்கள்.

குறை சொன்னதற்கு எதற்கு இவ்வளவு கூச்சம்? வண்டி என்றால் சத்தம் போடும், பிள்ளை என்றால் அழும். விஷயம் இதுதான். அந்த வண்டி பிறந்ததே புல்தரையில் ஓடுவதற்கு. பந்தடிக்கிற இரண்டு பேர், ஒரு பை நிறைய மட்டை, அவ்வளவுதான் அது பார்த்த உலகம். உங்கள் கல் சாலையையும் வேகத்தடையையும் அது கனவிலும் கண்டதில்லை. நான்கு பேர் உட்காரட்டும் என்று பின்னால் ஒரு சீட்டு நான்தான் வைத்தேன். கனம் தாங்கட்டும் என்று கமான் பட்டையில் ஒன்றைக் கூட்டியதும் நான்தான். கமான் பட்டை என்பது பின் சக்கரத்துக்கு மேலே வில் மாதிரி வளைந்து, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கும் இரும்புப் பட்டை. பட்டை கூடினால் தாங்கும், ஆனால் விட்டுக்கொடுக்காது. மாமியார் மாதிரி என்று எழுத வந்தேன், உங்கள் வீட்டம்மா படிப்பார் என்று நிறுத்திக்கொண்டேன்.

வைத்தியம் சுலபம். டயர் காற்றை இருபதுக்குக் குறையுங்கள். உங்கள் வாயிலில் பஞ்சர் கடை வைத்திருப்பவர் கார் டயர் என்று நினைத்து அடைத்திருப்பார். அப்புறம், இரண்டு பக்கமும் நான் சேர்த்த அந்தப் பட்டையைக் கழற்றச் சொல்லுங்கள். வண்டி மெத்தையாகிவிடும். இந்த அளவு வண்டியைப் பட்டறையில் நாங்கள் ‘சின்னது’ என்போம். ஆறு பேர் வண்டி ‘பெரியது’. சின்னது எப்போதும் சொன்னபடி கேட்கும்.

இன்னொன்று. இதில் பெண்ணை இழுக்காதீர்கள். கல்யாணத்துக்கு முன் என் பட்டறையில் அவள் கிரீஸ் பூசிக்கொண்டு கிடந்தது போதும். குடித்தனம் செய்ய வந்தவள் குடித்தனம் செய்யட்டும். அவளைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
பெண்ணின் அப்பா


ஜூன் 20

அன்புள்ள சம்பந்தி அவர்களுக்கு,

தாங்கள் சொன்னபடியே காற்றைக் குறைத்தோம். பஞ்சர் கடைக்காரர் பட்டையையும் கழற்றினார். கழற்றும்போது, “எழுதினவருக்கு விவரம் தெரியுமா சார்?” என்று கேட்டார். “அவர் செஞ்ச வண்டிதான்ப்பா” என்றேன்.

முதல் இரண்டு நாள் சோபாவில் உட்கார்ந்த மாதிரி இருந்தது. தங்களைப் புகழாத வாய் இல்லை. அதன் பிறகுதான் வேறு ஒன்று ஆரம்பித்தது. இப்போது வண்டி தூக்கிப் போடுவதில்லை. ஆனால் ஒரு வேகத்தடையில் ஏறி இறங்கினால், அடுத்த வேகத்தடை வரும்வரை மேலும் கீழும் ஆடிக்கொண்டே போகிறது. திருப்பத்தில் ஒரு பக்கமாகச் சாய்ந்து, போகலாமா வேண்டாமா என்று யோசிக்கிறது. நேற்று மருந்துக் கடைக்குப் போய் வருவதற்குள் என் மனைவிக்குத் தலை சுற்றி, வழியில் இறங்கி நடந்தே வந்துவிட்டாள். தரையில் ஓடும் வண்டியில் கப்பல் மயக்கம் வருமா? எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

இரவுச் சாப்பாட்டின்போது மருமகள் ஏதோ சொல்ல வந்தாள். தாங்கள் எழுதியது நினைவுக்கு வந்து, “உனக்கு எதுக்கும்மா இந்தத் தொல்லை? அப்பாவுக்கே எழுதிக் கேட்டுடறேன்” என்று சொல்லிவிட்டேன். நல்ல பெண், உடனே நிறுத்திக்கொண்டாள்.

விரைவில் பதில் எழுதவும்.

தங்கள்,
பையனின் அப்பா


ஜூலை 1
(தபால் அட்டை)

சம்பந்தி,
பதில் இல்லை. சின்னது அளவுக்கு மீறி ஆட்டம் போடுகிறது. நானும் பொறுத்துப் பார்த்தேன். வீட்டில் எல்லோருக்கும் தொல்லை. தயவுசெய்து ஆள் அனுப்பிக் கொண்டுபோய், சரிசெய்து திருப்பி அனுப்பவும். சரியாகாது என்றால் அங்கேயே வைத்துக்கொள்ளவும். வருத்தமில்லை.


ஜூலை 9

மதிப்புக்குரிய ஐயா,

சம்பந்தி என்று எழுதக் கை வரவில்லை.

நான் ஊரில் இல்லை. தூரத்தில் ஒரு கோல்ஃப் மைதானத்தில் வரிசையாக வண்டிகள் நின்றுபோய், அங்கேயே தங்கி வேலை பார்த்துவிட்டு முந்தாநாள்தான் வீட்டுக்கு வந்தேன். வாசலில் என் பெண்ணின் செருப்பு. உள்ளே என் பெண். இரண்டு பெட்டி. என் வீட்டம்மா முகத்தைப் பார்த்தே ஏதோ ஆகிவிட்டது என்று தெரிந்தது. “உங்க சம்பந்தி கார்டு போட்டிருந்தார். உங்க பொண்ணு ஆட்டம் போடறாளாம். கூட்டிட்டுப் போய் சரி பண்ணி அனுப்பணுமாம். சரியாகலன்னா நாமளே வச்சுக்கணுமாம்” என்றாள். கார்டைக் காட்டு என்றேன். கிழித்து அடுப்பில் போட்டுவிட்டாளாம்.

ஐயா, என் பெண் என்ன ஆட்டம் போட்டாள்? எதிர்த்துப் பேசினாளா? வேலை செய்ய மாட்டேன் என்றாளா? உங்கள் வீட்டில் அவள் சிரித்துப் பேசியதைக்கூட நான் கேட்டதில்லை. அவ்வளவு அடங்கி இருந்தவள். கேட்டால் இவளும் ஒன்றும் சொல்ல மாட்டேன் என்கிறாள். சாப்பிடுகிறாள், தூங்குகிறாள், பட்டறைக்கு வந்து ஒரு மூலையில் உட்கார்ந்து பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றுகிறாள். குற்றம் செய்தவள் மாதிரியும் இல்லை, குற்றம் சாட்டப்பட்டவள் மாதிரியும் இல்லை. பெற்ற எனக்கே புரியவில்லை.

உங்கள் முதுகுக்காக நான் ராத்திரி பகலாகக் குனிந்து வேலை செய்தேன். என் பெண்ணை நீங்கள் தபால் அட்டையில் திருப்பி அனுப்புகிறீர்கள். ஒரு உறையாவது போட்டிருக்கக் கூடாதா? தபால்காரர் படிக்கவா?

பெண்ணின் அப்பா


ஜூலை 14

சம்பந்தி அவர்களுக்கு,

தாங்கள் என்னை எப்படி அழைத்தாலும் நான் சம்பந்தி என்றே எழுதுகிறேன். தங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். முதல் முறை, ‘கார்டு’ என்று தாங்கள் எழுதியது கோல்ஃப் கார்ட்டையா தபால் கார்டையா என்றே விளங்கவில்லை. பிறகு விளங்கியது. விளங்கியதும் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

நான் மருமகளைப் பற்றி ஒரு எழுத்தும் எழுதவில்லை. எழுதியது வண்டியைப் பற்றி. “சின்னது அளவுக்கு மீறி ஆட்டம் போடுகிறது” என்று எழுதினேன். ‘சின்னது’ தாங்கள் எனக்குக் கற்றுக்கொடுத்த சொல். ஆட்டம் வண்டியின் ஆட்டம். ‘பெண்’ என்ற சொல்லே அதில் இல்லை. சம்பந்தியம்மா அதை எங்கிருந்து எடுத்தார் என்று எனக்குப் புரியவில்லை.

ஆனால் அவர் வந்த அந்த நாளை இப்போது நினைத்துப் பார்க்கிறேன். காலையில் சம்பந்தியம்மா தனியாக வந்து நின்றார். உட்காரச் சொன்னோம், உட்காரவில்லை. தண்ணீர் கொடுத்தோம், தொடவில்லை. என் மனைவி பயந்துபோய், “வீட்டுல யாருக்காவது உடம்பு சரியில்லையா?” என்று கேட்டாள். “இனிமே எல்லாம் சரியாயிடும்” என்றார். மருமகளைப் பார்த்து, “பெட்டிய எடு” என்றார். அவள் ஏன் என்று கேட்கவில்லை. அலுவலகத்திலிருந்த பையனுக்குச் சொல்லவும் இல்லை. தங்களுக்குத்தான் ஏதோ உடல்நலக் குறைவு, நேரில் சொல்லத் தயங்குகிறார்கள் என்று நாங்களே முடிவு செய்துகொண்டோம்.

மரியாதைக்கு வாயில்வரை நானே வண்டியில் கொண்டுவிட்டேன். சம்பந்தியம்மா என் பக்கத்தில், மருமகள் பின்னால் பெட்டிகளோடு. சும்மா வந்திருக்கக் கூடாதா நான்? “பாருங்க சம்பந்தியம்மா, எப்படி ஆட்டம் போடுதுன்னு நீங்களே பாருங்க” என்றேன். “சரி பண்ணி அனுப்பச் சொல்லுங்க, அவசரம் ஒண்ணும் இல்ல” என்றேன். அதோடு விட்டேனா? “சரியாகலன்னா வேற ஒண்ணு பாத்துக்கலாம்னு பையனும் சொல்றான்” என்றேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் தூசி என்று நினைத்து வேகத்தைக் குறைத்தேன்.

சம்பந்தி, ஊரார் எழுதியதில் எல்லாம் பிழை பார்த்தவன் நான். ‘மொட்டைத் தாத்தன் குட்டையில் விழுந்தான்’ என்று ஒருவர் எழுதினால், எந்தத் தாத்தன், எந்தக் குட்டை என்று ஓரத்தில் கேள்விக்குறி போட்டுத் திருப்பி அனுப்பியவன். என் அட்டையை நானே ஒரு முறை படித்துப் பார்க்கவில்லை. மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். சம்பந்தியம்மாவிடம் இதைச் சொல்லி, மருமகளை உடனே அனுப்பி வையுங்கள். பையன் சரியாகச் சாப்பிடுவதில்லை.

தங்கள்,
பையனின் அப்பா


ஜூலை 19

சம்பந்தி,

முதலில் என்னை மன்னியுங்கள். என் வாய்க்கும் பேனாவுக்கும் பூட்டு இல்லை.

தப்பு உங்களுடையது பாதி என்றால் என்னுடையது மீதி. எங்கள் வீட்டில் பெரியது என்றால் மூத்த பெண், சின்னது என்றால் உங்கள் மருமகள். பிறந்ததிலிருந்தே அப்படித்தான். பட்டறையில் வண்டிக்கு அந்தப் பெயரை வைத்ததும் நான்தான். வீட்டம்மா பட்டறைப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்க மாட்டாள்; அவளுக்கு உலகத்தில் ஒரே ஒரு சின்னதுதான். ‘சின்னது ஆட்டம் போடுகிறது, கொண்டுபோங்கள்’ என்று மாமனார் எழுதினால் எந்தத் தாய்தான் பஸ் ஏற மாட்டாள்?

உங்கள் கடிதத்தை அவளுக்குப் படித்துக் காட்டினேன். முதலில் நம்பவில்லை. நம்பியதும் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள். வாயில்வரை போன கதை வந்ததும் அழுதாள். “வேற ஒண்ணு பாத்துக்கலாம்னாரே, அது வண்டியையா?” என்று நாலு தடவை கேட்டாள். சரி, சனி விட்டது என்று பெண்ணைக் கூப்பிட்டேன். “கிளம்பும்மா, எல்லாம் குழப்பம், மாமா வண்டியைத்தான் சொல்லியிருக்கார்” என்றேன்.

இனி சொல்லப் போவதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

“எனக்கு அன்னைக்கே தெரியும்ப்பா. கேட்டுக்குப் போற வழியிலேயே புரிஞ்சுடுச்சு, வண்டியைத்தான் சொல்றார்னு.”

“தெரிஞ்சும் ஏம்மா வந்தே?”

“அம்மா வந்து கூப்பிட்டாங்க. வரலாம்போல இருந்துச்சு.”

“அவர் உன்னைச் சொல்லலையேம்மா!”

“எங்க ரெண்டு பேரையும் ஒரே மாதிரிதான்ப்பா வச்சிருந்தாங்க. துடைச்சு, நிழல்ல நிறுத்தி, பத்திரமா. வண்டில என்ன கோளாறுன்னு நான் முதல் நாளே சொன்னேன். ஷாக் அப்சார்பர் ரெண்டும் செத்துப்போச்சு, புஷ்ஷும் தேஞ்சிருக்கு, பட்டையைத் தொடாதீங்கன்னு. உங்க மாப்பிள்ளைகிட்ட சொன்னேன், ‘அப்பா பாத்துப்பார்’னார். மாமாகிட்ட சொல்ல வந்தேன், உங்களுக்கு எழுதிக் கேக்கறேன்னார். நீங்க என்னடான்னா என்னை இழுக்க வேண்டாம்னு அவருக்கு எழுதறீங்க. நீங்க ரெண்டு பேரும் எழுதிக்கிட்ட வைத்தியத்தை எல்லாம் நான் பின் சீட்டுல உக்காந்து வாங்கிக்கிட்டேன்.”

ஒரு வார்த்தை கோபமாகச் சொல்லவில்லை, சம்பந்தி. மழை வரும்போல இருக்கிறது என்கிற மாதிரி சொன்னாள். அப்புறம் எழுந்து போய்விட்டாள். வர மாட்டேன் என்றும் சொல்லவில்லை, வருகிறேன் என்றும் சொல்லவில்லை.

அவள் சொன்ன கோளாறு சரிதானா என்று யோசித்துப் பார்த்தேன். புஷ் என்பது பட்டை முனையில் மாட்டும் வளையம்; ஆட்டத்தை நிறுத்துவது ஷாக் அப்சார்பர்தான். அது செத்திருந்தால் பட்டையைக் கழற்றக் கழற்ற ஆட்டம் கூடத்தான் செய்யும். இதுகூடத் தோன்றாமல் நான் கடிதத்திலேயே நாடி பிடித்திருக்கிறேன். ஆனால் அதுவா இப்போது கேள்வி? அவளுக்கு என்ன வேண்டும் என்றுதான் எனக்குப் புரியவில்லை. உங்களுக்குப் புரிந்தால் எழுதுங்கள்.

பெண்ணின் அப்பா


ஜூலை 26

அன்புள்ள சம்பந்தி,

எனக்கும் புரியவில்லை. புரியாமலே சில காரியங்கள் செய்தேன். அவற்றை வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில் பையனைக் கூப்பிட்டு உட்காரவைத்துக் கேட்டேன். அவளோடு தினமும் போனில் பேசுகிறானாம். “என்னடா சொல்றா?” “வண்டிய இப்போ யார் பாக்கறாங்கன்னு கேக்கறா.” “நீ என்ன சொன்னே?” “பஞ்சர் கடைக்காரர்னு சொன்னேன். சரின்னு வச்சுட்டா.” அதில் என்ன தப்பு என்று என்னையே கேட்டான். வளர்த்தது நான்தான். யாரைக் குறை சொல்வது?

என் மனைவி இரண்டு நாள் மருமகளின் அறையையே துடைத்துக்கொண்டிருந்தாள். மூன்றாம் நாள், “அவ சொன்னது எனக்கும் காதுல விழுந்துச்சு. உங்களுக்குத் தெரியாததா அவளுக்குத் தெரியும்னு நானும் இருந்துட்டேன்” என்றாள்.

நேற்று பையனை ஓட்டச் சொல்லி, நான் பின் சீட்டில் ஏறி உட்கார்ந்தேன். வண்டி வந்த நாளிலிருந்து அங்கே நான் உட்கார்ந்ததில்லை. முகம் பின்பக்கம் பார்த்திருக்கிறது. என்ன வருகிறது என்று தெரியாது, போனதுதான் தெரிகிறது. வேகத்தடை வருவது உடம்பில் இடித்த பிறகுதான் புரிகிறது. பட்டையைக் கழற்றிய பிறகு முன் சீட்டில் எனக்கு மெத்தையாக இருந்த அதே வண்டி, பின்னால் அடிவரை இறங்கி இரும்பில் இரும்பாய் இடிக்கிறது. பிடித்துக்கொள்ள ஒரு கம்பிதான். அதையும் விட்டால் சாலையில். பூங்கா வளைவு வருவதற்குள் “நிறுத்துடா” என்று கத்திவிட்டேன். இவ்வளவு நாளும் அவள் ஒரு தடவைகூடக் கத்தவில்லை. என் முதுகுக்காக இரண்டு வீட்டிலும் ஆளாளுக்குத் தவித்தோம். அவளுக்கும் முதுகு என்று ஒன்று இருப்பது எனக்குத் தோன்றவே இல்லை. தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்கள். அடுத்தவர் முதுகும் எனக்குத் தெரியவில்லை, சம்பந்தி.

அவள் இல்லாமல் வீடு நன்றாக இல்லை. இதை எந்த வாக்கியத்தில் வைப்பது என்று தெரியாமல் இப்படியே எழுதிவிட்டேன். அவள் வராமலே போய்விடுவாளோ என்று பயமாக இருக்கிறது. பையன் வாழ்க்கை என்பதற்காக மட்டும் இல்லை.

கீழே இருப்பதை அவளிடமே கொடுத்துவிடுங்கள். தாங்கள் படித்துச் சொல்ல வேண்டாம்.

“அம்மா, வண்டி நீ சொன்னபடிதான் கெட்டிருக்கிறது. உன் அப்பாவையும் கேட்க மாட்டேன், பஞ்சர் கடைக்காரரையும் தொடவிட மாட்டேன். நீ பார்த்துச் சொல்ல வேண்டும். பார்த்துவிட்டு நீ இங்கே இருப்பதும் போவதும் உன் விருப்பம். அதில் நான் திருத்தம் போட மாட்டேன். மாமா.”

தங்கள்,
பையனின் அப்பா


ஆகஸ்ட் 2

சம்பந்தி,

கொடுத்தேன். படிக்கவில்லை என்று சத்தியம் செய்யலாம், ஆனால் அவள் படித்துவிட்டு மேசைமேல் வைத்தாளா, கண் போய்விட்டது.

மறுநாள் பட்டறையில் என் ஸ்பேனர் பெட்டியைத் திறந்து, கேட்காமலே பொறுக்க ஆரம்பித்தாள். ஷாக் அப்சார்பர் நான் ஒரு ஜோடி எடுத்துக் கொடுத்தேன். கையில் வாங்கி அமுக்கிப் பார்த்துவிட்டு, “இது வேணாம்ப்பா, ரொம்ப இறுக்கம்” என்று திருப்பிக் கொடுத்துவிட்டு, வேறொரு ஜோடியை அவளே எடுத்துக்கொண்டாள். என் பட்டறையில், என் சரக்கை, என் பெண்! ஒரு பக்கம் சுருக்கென்றுதான் இருந்தது. இன்னொரு பக்கம் பார்த்தால், சொல்வது சரியாகத்தான் இருக்கிறது. எந்தப் பக்கம் நிற்பது என்று தெரியாமல் வெளியே போய் நின்றேன்.

சனிக்கிழமை வருகிறாள். “வண்டியைப் பாக்கத்தான் போறேன்” என்று என்னிடம் ஒரு தடவை, அவள் அம்மாவிடம் ஒரு தடவை சொன்னாள். இரண்டு பெட்டியில் ஒன்றைத்தான் எடுத்துக்கொள்கிறாள். மற்றது இங்கேயே கட்டிலுக்கு அடியில் இருக்கிறது. அதற்கு என்ன அர்த்தம் என்று வீட்டம்மா கேட்கிறாள். எனக்கு என்ன தெரியும்? நான் பெற்றேனே ஒழிய, அவளைப் படிக்கவில்லை.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். எதுவும் கேட்காதீர்கள். ‘இருப்பாயா’ என்று உங்கள் வீட்டம்மாவும் கேட்க வேண்டாம், பையனும் கேட்க வேண்டாம். நானும் வாயைக் கட்டிக்கொண்டுதான் பஸ் ஏற்றிவிடப் போகிறேன். என்னால் முடியுமா என்பது வேறு விஷயம்.

பெண்ணின் அப்பா


ஆகஸ்ட் 7

அன்புள்ள சம்பந்தி,

வந்தாள். நாங்கள் யாரும் எதுவும் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பது எவ்வளவு சத்தமான வேலை என்று நேற்றுதான் தெரிந்தது. என் மனைவி சமையலறையில் பாத்திரங்களை அடுக்கி, எடுத்து, மறுபடி அடுக்கினாள். பையன் மூன்று முறை சட்டை மாற்றினான்.

சாப்பிட்டதும் பழைய சுடிதாரைப் போட்டுக்கொண்டு வண்டிக்கு அடியில் போய்ப் படுத்துவிட்டாள். “டார்ச்சு பிடிங்க மாமா” என்றாள். குனிய முடியாது என்பதால் ஒரு முக்காலி போட்டு உட்கார்ந்து பிடித்தேன். ஒளி தப்பான இடத்தில் விழும்போதெல்லாம், “இன்னும் உள்ள” என்று சொன்னாள். பையன் பழைய பட்டையைத் தேடி எடுத்து வந்தான். “ரெண்டு பக்கமும் மறுபடி போடணும். அழுத்திப் பிடிங்க” என்றாள். அவன் அழுத்திப் பிடித்தான். என் வீட்டில் இவ்வளவு தெளிவாக ஒருவர் பேசி நான் கேட்டதே இல்லை. தேய்ந்த புஷ்களைக் கழற்றி, வரிசையாக என் கையில் கொடுத்தாள். ஒரு பக்கமாகத் தேய்ந்து, முட்டை வடிவத்தில் இருந்தன.

மாலையில், கொண்டுவந்த ஷாக் அப்சார்பர், புஷ் எல்லாம் பூட்டி முடித்தாள். அவள் ஓட்டினாள். பையன் பக்கத்தில். “மாமா, நீங்க பின்னாடி உக்காருங்க” என்றாள். என் மனைவி முதுகு, ஆபரேஷன் என்று ஏதோ ஆரம்பித்தாள். நான் ஏறி உட்கார்ந்துவிட்டேன்.

வேகத்தடை வருவதற்கு முன் ஒவ்வொரு முறையும் “வருது” என்று முன்னாலிருந்து சொன்னாள். ஆட்டம் சுத்தமாக நின்றுவிட்டது. ஏறினால் ஏறுகிறது, இறங்கினால் இறங்குகிறது, அதோடு சரி. வாயிலில் நிறுத்தித் திரும்பிப் பார்த்து, “எப்படி இருக்கு மாமா?” என்று கேட்டாள்.

சம்பந்தி, நன்றாக இருக்கிறது என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். என்ன சொன்னால் இருப்பாள், என்ன சொன்னால் போய்விடுவாள் என்று எனக்குத் தெரியவில்லை. சரியாகிவிட்டது என்றால், வந்த வேலை முடிந்தது என்று பெட்டியை எடுப்பாளோ? சரியாகவில்லை என்றால், மறுபடி குறை சொல்கிறேன் என்று நினைப்பாளோ? ஒன்றும் பிடிபடாமல் உள்ளதைச் சொல்லிவிட்டேன்.

“ஆட்டம் இல்லம்மா. ஆனா பின்னாடி இன்னும் கொஞ்சம் தூக்கித்தான் போடுது.”

அவள் சிரித்தாள். எங்கள் வீட்டுக்கு வந்து அவள் இப்படிச் சத்தமாகச் சிரித்து நான் பார்த்ததில்லை. வாயில் காவலாளிகூடத் திரும்பிப் பார்த்தார். “ஆமா மாமா, எனக்கும் தெரியும். சீட்டு ஸ்பாஞ்சு மாத்தணும், காத்தும் இன்னும் ரெண்டு குறைக்கலாம்” என்றாள். வண்டியைத் திருப்பிக்கொண்டே, “நாளைக்குப் பாத்துக்கலாம்” என்றாள்.

நாளைக்கு என்றாள், சம்பந்தி.

தங்கள்,
பையனின் அப்பா